போன் கவருக்குள், கையில் மேப்பும் காம்பஸும்: அட்வெஞ்சர் ரேஸில் அணிகள் எப்படி வழி கண்டுபிடிக்கின்றன? எங்கே தொலைகின்றன?

இரவு 1.40 மணி. தெற்கு கர்நாடகாவின் பாறைக் குன்றுகளுக்கு நடுவே நாலு பேர் நிற்கிறோம். என் கையில் ஒரு மேப், ஒரு காம்பஸ். நாலு பேருடைய போன்களும் சீல் வைத்த கவரில், பையின் அடியில். மேப்பின்படி எங்களுக்கு இடதுபுறம் ஒரு ஏரி இருக்க வேண்டும். ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் தெரிவது யூகலிப்டஸ் தோப்பு. அணியிலேயே சின்னவன் கேட்கிறான்: "அக்கா, நம்ம எங்க இருக்கோம்னு தெரியுதா?"

"தெரியுதுடா" என்றேன். தெரியவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் அணி கொடுத்த விலை ஒன்றரை மணி நேரம். எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில், வேலை நாட்களில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாலு பேர் சனிக்கிழமை ராத்திரி அங்கே என்ன பண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பார்ப்போம்.

அட்வெஞ்சர் ரேஸ் என்றால் என்ன?

மாரத்தான் உங்களுக்குத் தெரியும். பாதை முழுக்க அம்புக்குறி இருக்கும், தன்னார்வலர்கள் தண்ணீர் கொடுப்பார்கள், நீங்க ஓடினால் போதும். அட்வெஞ்சர் ரேஸில் பாதையே கிடையாது. போட்டி தொடங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு ஒரு மேப் கொடுப்பார்கள். அதில் செக்பாயின்ட்கள் வட்டமிடப்பட்டிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குன்றின் மேல் ஏறிப் போவதா, சுற்றிப் போவதா, ஓடையைப் பிடித்துப் போவதா என்பதெல்லாம் உங்கள் முடிவு. சில பகுதிகள் நடை அல்லது ஓட்டம், சில பகுதிகள் மவுன்டன் பைக், சில இடங்களில் கயாக், சில போட்டிகளில் கயிறு கட்டிப் பாறை இறங்குவதும் உண்டு.

புதியவர்களுக்கு ஆறு மணி நேரப் போட்டிகள் இருக்கின்றன. பெரிய போட்டிகள் நாள் கணக்கில் நீளும், அவற்றில் கடிகாரம் பெரும்பாலும் நிற்பதே இல்லை. எங்கே தூங்குவது, எவ்வளவு நேரம் தூங்குவது என்பதும் அணியின் வியூகம்தான்.

உலக அளவிலான போட்டிகளில் அணிக்கு நான்கு பேர், ஆண்களும் பெண்களும் கலந்திருக்க வேண்டும். இதில் முக்கியமான விதி, நால்வரும் சேர்ந்தே போக வேண்டும் என்பது. ஒருவருக்கொருவர் 50 அல்லது 100 மீட்டருக்கு மேல் விலகக் கூடாது என்று பல போட்டிகளில் எழுதியே வைத்திருப்பார்கள். ஒருவர் விலகினால் அணி தரவரிசையிலிருந்து வெளியே. அதனால் அணியின் வேகம் என்பது அந்த நேரத்தில் மிகவும் களைத்துப் போயிருப்பவரின் வேகம். நல்ல அணிகளில் தெம்பாக இருப்பவர் களைத்தவரின் பையையும் சேர்த்துச் சுமப்பார், இடுப்பில் எலாஸ்டிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டும் போவார். இதெல்லாம் அங்கே சாதாரணம், யாரும் வெட்கப்படுவதில்லை.

நவீன அட்வெஞ்சர் ரேஸின் தொடக்கமாகப் பலரும் சொல்வது 1989-ல் நியூசிலாந்தில் நடந்த 'ரெய்டு கோல்வாஸ்' போட்டியை. அதை உருவாக்கியவர் ஜெரார்ட் ஃபுசில் என்ற பிரெஞ்சு பத்திரிகையாளர். 1995-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'ஈகோ-சேலஞ்ச்' தொடங்கியது. நம்மில் பலர் இந்த விளையாட்டைப் பார்த்ததே 2020 லாக்டவுனில், அமேசான் பிரைமில் வந்த ஈகோ-சேலஞ்ச் ஃபிஜி தொடரில்தான். 2019-ல் நடந்த அந்தப் போட்டியின் நீளம் 671 கிலோமீட்டர், கெடு 11 நாள், கலந்துகொண்டவை 66 அணிகள். வென்ற நியூசிலாந்து அணி ஆறு நாள் முழுதாக முடிவதற்குள் எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டது. எவரெஸ்ட் ஏறிய டேராடூன் இரட்டைச் சகோதரிகள் தாஷி, நுங்ஷி மாலிக் தலைமையில் 'குக்ரி வாரியர்ஸ்' என்ற இந்திய அணியும் அதில் இருந்தது. இந்தியாவுக்குள் புனே பக்கம் சஹ்யாத்ரி மலைகளில் மூன்று பேர் அணிகளுக்காக நடக்கும் 'எண்டியூரோ3' பல ஆண்டுகளாகத் தெரிந்த பெயர்.

போன் ஏன் கூடாது?

போட்டி கேட்கும் கேள்விக்கு போன் பதிலைச் சொல்லிவிடுகிறது, அதனால்தான். ஜிபிஎஸ் காட்டும் நீலப் புள்ளி 'நீ இங்கே இருக்கிறாய்' என்கிறது. மேப்பும் காம்பஸும் அப்படிச் சொல்லாது. 'நீ இங்கே இருந்தால், இடதுபுறம் ஏரி தெரிய வேண்டும்' என்று மட்டும் சொல்லும். ஏரி தெரிகிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு.

"நேராத்தானே நடக்கிறேன், எப்படித் தொலைவேன்?" என்று தோன்றலாம். 2009-ல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஜெர்மனியில் ஒரு காட்டிலும், துனிசியாவில் சஹாரா பாலைவனத்திலும் ஆட்களை 'நேராக நடங்கள்' என்று சொல்லிவிட்டு, ஜிபிஎஸ்ஸில் பதிவு செய்தார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தவரை ஓரளவு நேராக நடந்தார்கள். மேகம் மூடியதும் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள், சற்று முன் கடந்த தங்கள் பாதையையே மறுபடி கடந்தார்கள். கண்ணைக் கட்டி விட்டபோது சிலர் போட்ட வட்டத்தின் விட்டம் வெறும் 20 மீட்டர். நேராக நடக்கிறோம் என்ற உணர்வுக்கும் நேராக நடப்பதற்கும் அவ்வளவு தூரம்.

மேப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அளவுகோல். இந்திய சர்வே துறையின் 1:50,000 வரைபடங்களில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர். போட்டிகளில் இதைவிட விரிவான மேப்பும் தருவார்கள். மேப் கைக்கு வந்ததும் அளவுகோலைப் பார்க்காமல் ஓடுவது புது அணிகளின் பழக்கம். 1:25,000 மேப்பை 1:50,000 என்று நினைத்துக்கொண்டால் செக்பாயின்ட்டைத் தாண்டி இரண்டு மடங்கு தூரம் போய் நிற்பீங்க.

அடுத்தது சமஉயரக் கோடுகள். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து போகும் மெல்லிய கோடுகள்தான் மேப்பின் உயிர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைப்பவை அவை. கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். இவை ஆங்கில 'வி' எழுத்துபோல் மடங்கும் இடங்களைக் கவனிங்க. மடிப்பின் முனை உயரமான பக்கம் பார்த்தால் அது ஓடை அல்லது பள்ளம். தாழ்வான பக்கம் பார்த்தால் மலையிலிருந்து நீண்டு இறங்கும் முதுகு. இரவில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஆளே கிடையாது. ஆனால் கால் பொய் சொல்லாது. இரண்டு பக்கமும் சரிவு இறங்கினால் நீங்க முதுகில் இருக்கீங்க, இரண்டு பக்கமும் ஏறினால் பள்ளத்தில்.

கோடுகளைப் படிக்கத் தெரிந்தால் நேரத்தையும் கணக்குப் போடலாம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன ஒரு எளிய விதி இன்றும் பயன்படுகிறது: மணிக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்க, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டுங்க. இப்போது ஒரு குன்று குறுக்கே நிற்கிறது. நேராக ஏறி இறங்கினால் 2 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். சுற்றிப் போனால் சமதளத்தில் 4 கிலோமீட்டர். நேர்வழிக்கு 24 நிமிடமும் ஏற்றத்துக்கு 30 நிமிடமும் சேர்த்து 54 நிமிடம். சுற்றுவழிக்கு 48 நிமிடம். இரட்டிப்புத் தூரம், ஆனாலும் ஆறு நிமிடம் மிச்சம், தொலைகிற ஆபத்தும் குறைவு. மேப்பைப் பார்த்ததும் நம் விரல் தானாக நேர்கோடு போடும். அந்த விரலை நம்பாதீங்க.

இங்கே ஒரு சின்ன விலகல். இந்தியாவின் பெரும் முக்கோணவியல் அளவைக்கான முதல் அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் அளக்கத் தொடங்கியது 1802 ஏப்ரலில், சென்னை பரங்கிமலையில். சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டின் மறுமுனை பெரும்பாக்கம். அதை அளக்க 57 நாள் ஆனது. ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற எத்தனை பேருக்குத் தெரியும், இமயமலை உயரம் வரை போன கணக்கு தங்கள் ஆபீஸ் பக்கத்தில் தொடங்கியது என்று!

அப்படி அளந்து வரைந்த விரிவான வரைபடங்கள் நீண்ட காலம் சாதாரண மக்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. எல்லைப் பகுதிகளுக்கும் கடலோரத்துக்கும் கட்டுப்பாடு அதிகம். 2005 தேசிய வரைபடக் கொள்கைதான் பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021-ல் விதிகள் இன்னும் தளர்ந்தன. இப்போது பொது வரிசை மேப்களை சர்வே துறையின் இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஒரு தலைமுறை இந்தியர்கள் மேப் படிக்கப் பழகாததற்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது. கையில் மேப்பே இல்லையே!

காம்பஸ் எப்போது ஏமாற்றும்?

காம்பஸ் ஊசி காட்டுவது காந்த வடக்கை. மேப் வரையப்படுவது உண்மை வடக்கை அடிப்படையாக வைத்து. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் இடத்துக்கு இடம் மாறும். தென்னிந்தியாவில் அது மிகச் சிறியது, ஒன்றிரண்டு டிகிரிதான். ஒரு டிகிரி தவறினால் ஒரு கிலோமீட்டர் நடந்த பிறகு சுமார் 17 மீட்டர்தான் விலகியிருப்பீங்க. அதனால் நம் ஊரில் பழகியவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆனால் ஃபிஜியில் அந்தக் கோணம் சுமார் 12 டிகிரி. ஒரு கிலோமீட்டருக்கு 210 மீட்டர் விலகல். மழைக்காட்டில் 210 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு செக்பாயின்ட் எதிர்க்கரையில் இருந்தாலும் ஒன்றுதான், இமயமலையில் இருந்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு நுட்பம். காம்பஸ் ஊசி வடக்கை மட்டும் பார்ப்பதில்லை, பூமியின் காந்தப்புலத்தோடு சேர்ந்து மேலும் கீழுமாகவும் சாயும். ஐரோப்பாவில் வடமுனை கீழே சாயும் என்பதால் அங்கே விற்கும் காம்பஸ்களில் அதைச் சமன் செய்து வைத்திருப்பார்கள். காந்த நடுக்கோடு போவதோ நம் தெற்கு முனை அருகே. திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வு நிலையம் அமைந்ததற்கும் தும்பாவில் ராக்கெட் தளம் வந்ததற்கும் இதுதான் காரணம். இங்கே ஊசி சாயவே சாயாது. ஆகவே வெளிநாட்டு நண்பர் வாங்கி வந்த விலை உயர்ந்த காம்பஸ் நம் ஊரில் ஒருபக்கம் சாய்ந்து உரசி, மெதுவாகச் சுழலலாம். வாங்கும்போது எந்த மண்டலத்துக்குச் சமன் செய்தது என்று கேளுங்க. எல்லா இடத்துக்கும் பொருந்தும் வகையும் கிடைக்கிறது.

மேப்பைத் தரையோடு பொருத்துவதுதான் அடிப்படைப் பழக்கம். காம்பஸை மேப் மேல் வைத்து, மேப்பின் வடக்கும் ஊசியின் வடக்கும் ஒன்றாகும் வரை மேப்பைத் திருப்புங்க. எழுத்து தலைகீழாக இருந்தால் இருக்கட்டும். இப்போது மேப்பில் வலதுபுறம் இருக்கும் குன்று தரையிலும் வலதுபுறம் இருக்கும். எழுத்தைப் படிப்பதற்காக மேப்பை நேராகத் திருப்பிக்கொள்வதுதான் படித்தவர்கள் செய்யும் முதல் தவறு. இன்னொன்று, போனையோ காந்தம் வைத்த ஹெட்லேம்ப்பையோ காம்பஸுக்கு அருகில் கொண்டு வராதீங்க. ஊசி அதைத்தான் வடக்கு என்று நினைக்கும்.

அனுபவசாலிகள் எப்படிப் போகிறார்கள்?

அவர்கள் காம்பஸை நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே நம்புகிறார்கள். ஏரிக்கரை, மின்கம்பி வரிசை, ஓடை, வேலி என்று நீளமாக ஓடும் எதையாவது மாடிப்படிக் கைப்பிடி போலப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கைப்பிடி இருக்கும் வரை வேகமாகப் போகலாம், யோசிக்க வேண்டாம்.

கிளம்பும் முன்பே 'இதைப் பார்த்தால் தாண்டிவிட்டோம்' என்று ஒன்றைக் குறித்துக்கொள்கிறார்கள். செக்பாயின்ட்டுக்கு அப்பால் தார் ரோடு இருக்கிறதா? அப்படியானால் ரோட்டில் கால் வைத்ததும் விவாதமில்லாமல் திரும்ப வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேண்டுமென்றே தவறாகப் போகும் தந்திரம். ஓடைக்கும் பாதைக்கும் குறுக்கே ஒரு சின்னப் பாலம், அங்கே செக்பாயின்ட் என்று வைங்க. பாலத்தை நோக்கி நேராகப் போனால் எப்படியும் கொஞ்சம் விலகுவீங்க. ஓடையை அடைந்ததும் பாலத்தைக் காணோம். இடது பக்கம் தேடுவதா, வலது பக்கமா? அதனால் ஆரம்பத்திலேயே பாலத்துக்கு 100 மீட்டர் இடதுபுறமாகக் குறி வைப்பார்கள். ஓடையைத் தொட்டதும் சந்தேகமே இல்லை, வலதுபுறம் திரும்பினால் பாலம்.

கடைசியாக, அடி எண்ணுவது. வலது கால் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒன்று. எனக்கு 100 மீட்டருக்கு 68. ஏற்றத்தில் 80-ஐத் தாண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் இருட்டில் 'ஒரு கிலோமீட்டர் வந்திருப்போம்' என்று மனசு சொல்லும்போது எண்ணிக்கை பெரும்பாலும் 500 மீட்டர் என்றுதான் சொல்லும்.

சரி, பிறகு ஏன் தொலைகிறோம்?

இதெல்லாம் தெரிந்துதான் அந்த இரவு நான் தொலைந்தேன். என் திட்டம் தெளிவாகவே இருந்தது. ஒரு சின்னக் கோயிலிலிருந்து வடமேற்கே வண்டிப்பாதை, ஒன்றரை கிலோமீட்டரில் ஏரிக்கரை, கரையைப் பிடித்து மதகு வரை, மதகிலிருந்து 300 மீட்டரில் இரு குன்றுகளுக்கு நடுவே செக்பாயின்ட்.

கோயிலிலிருந்து நல்ல அகலமான பாதை ஒன்று கிளம்பியது, அதில் போனோம். கொஞ்ச நேரத்தில் காம்பஸைப் பார்த்தேன். பாதை வடகிழக்கே போகிறது. 'முன்னாடி வளையும்' என்று நினைத்தேன். அடுத்து யூகலிப்டஸ் தோப்பு. மேப்பில் தோப்பு இல்லை. 'மேப் பழசு, இப்போ நட்டிருப்பாங்க.' ஏரியைக் காணோம். 'கோடை ஆச்சே, வத்திப் போயிருக்கும்.'

மூன்றுமே நடக்கக்கூடியவைதான், அதனால்தான் ஆபத்தானவை. ஒவ்வொரு சாட்சியும் நீ தவறு என்று சொன்னது, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்தேன். இந்த விளையாட்டில் இதற்கு 'மேப்பை வளைப்பது' என்று பெயர். தரைக்கு ஏற்றபடி நம் எண்ணத்தை மாற்றாமல், எண்ணத்துக்கு ஏற்றபடி தரையை மாற்றிக்கொள்வது. தரவு வைத்துப் பிழைக்கிற ஆள் நான். ஆபீஸில் யாராவது மூன்று எண்கள் பொருந்தாத அட்டவணையைக் கொண்டு வந்தால் முதல் கேள்வியே 'எங்கே தப்பு?' என்பதுதான். நடுராத்திரியில் அந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை.

நாங்கள் நடந்தது ஒரு கல்குவாரிக்குப் புதிதாகப் போட்ட பாதை.

தூக்கத்துக்கும் இதில் பங்கு இருந்தது. 1997-ல் 'நேச்சர்' இதழில் டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்குச் சரிகிறது. 24 மணி நேரத்தில் அது சுமார் 0.10 சதவீதத்துக்குச் சமம். இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03 சதவீதம். நான் சனிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தவள். 1.40-க்கு விழித்து 19 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது. போலீஸ் பிடித்திருந்தால் பைக் சாவியைப் பிடுங்கியிருக்கும் நிலையில் நாலு பேரின் பாதையை முடிவு பண்ணிக்கொண்டிருந்தேன்.

இதற்கு அணிகள் வைத்திருக்கும் தீர்வு எளிமையானது. மேப் பார்ப்பவர் ஒருவர். ஆனால் அவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன் திட்டத்தை உரக்கச் சொல்ல வேண்டும்: "ஒன்றரை கிலோமீட்டர், வடமேற்கு, இடதுபுறம் ஏரி, 20 நிமிஷம்." இரண்டாமவர் கையில் இன்னொரு காம்பஸ், அவர் திசையை மட்டும் பார்ப்பார். மூன்றாமவர் நேரத்தைப் பார்ப்பார். 20 நிமிடத்தில் ஏரி வரவில்லையென்றால், கேட்க வேண்டியது அவருடைய வேலை. கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. எங்கள் அணியில் நான்தான் மூத்தவள், நான்தான் இதற்கு முன் போட்டிகளில் ஓடியவள். மற்ற மூவரும் பாதை தவறு என்று சந்தேகப்பட்டிருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கும் மேலாக யாரும் வாயைத் திறக்கவில்லை. சின்னவன் கேட்டபோதும் நான் பொய் சொன்னேன். சீனியரிடம் 'இது சரியில்லையே' என்று சொல்ல நம் ஆபீஸ்களில் எவ்வளவு தயங்குகிறோம் என்று யோசிச்சுப் பாருங்க. காட்டுக்கும் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.

கடைசியில் நிறுத்த வைத்தது என் அறிவு இல்லை. அடுத்த தண்ணீர் இரண்டு செக்பாயின்ட் தள்ளி. இந்தச் சுற்றலில் பாட்டில்கள் காலி. அணியில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பிறகு வாந்தி. அப்போதுதான் உட்கார்ந்தேன், சொன்னேன்: "எனக்குத் தெரியல. நம்ம தொலைஞ்சுட்டோம்." சொன்ன பிறகு நடந்தது ஐந்து நிமிட வேலை. கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது? கோயில். வந்த வழியே அங்கே திரும்பினோம், ஊர் நாய்கள் முழுத் தொண்டையில் வரவேற்றன. கோயிலுக்கு எதிரே குழாய் இருந்தது. பத்தடி தள்ளி, புதருக்குப் பின்னால், வடமேற்கே போகும் பழைய வண்டிப்பாதையும் இருந்தது.

12 மணி நேரப் போட்டியை 12 மணி 20 நிமிடத்தில் முடித்தோம், தரவரிசையில் இல்லை. எல்லா அணிகளிடமும் சீல் வைத்த ஜிபிஎஸ் பதிவுக் கருவி இருந்தது. வாரக் கடைசியில் எங்கள் பதிவையும் முந்தைய அணியின் பதிவையும் ஒப்பிட்டேன். இரு அணிகளும் ஒரே வழியில் போன பகுதிகளை எல்லாம் கூட்டினால் வேக வித்தியாசம் 9 நிமிடம். கோயிலிலிருந்து கோயிலுக்கே வந்த அந்தச் சுற்று மட்டும் 1 மணி 32 நிமிடம். போட்டிக்கு முன் மூன்று மாதம் நாங்கள் பயிற்சி எடுத்தது முழுக்க அந்த 9 நிமிடத்துக்காக.

இந்தியாவில் கவனிக்க வேண்டியவை என்ன?

பல நாடுகளில் அணிகளுக்கு சாட்டிலைட் வழியாக இயங்கும் அவசர பட்டன் தருவார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது சட்டவிரோதம். கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளுக்கும் இதே நிலைதான். அவற்றோடு வந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆகவே சிக்னல் இல்லாத இடத்தில் உங்களுக்கு உதவி என்பது செக்பாயின்ட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். பணம் கட்டும் முன் கேளுங்க: அணி குறித்த நேரத்தில் வராவிட்டால் எவ்வளவு நேரத்தில் தேடத் தொடங்குவீங்க? தேடப் போவது யார்? அருகில் ஆஸ்பத்திரி எது? பாதை வனத்துறை நிலத்தில் போகிறதா, எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா? பதில் மழுப்பலாக இருந்தால் போகாதீங்க. டி-ஷர்ட் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

அனுமதி என்பது வெறும் காகிதம் இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றப் பயணிகள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் கொங்கு பகுதியிலிருந்தும் வாரக் கடைசிக்குப் போன இளைஞர்கள் அவர்கள், பலர் நம்மைப் போலவே வேலைக்குப் போகிறவர்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் விதிகள் கடுமையாகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' வழியாக 40 பாதைகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். அங்கே மேப்பை வைத்துக்கொண்டு நீங்களாகச் சுற்ற முடியாது. ஆனால் வழிகாட்டியிடம் 'இப்போ நாம இங்கேதானே?' என்று மேப்பில் விரல் வைத்துக் கேட்டுப் பழகலாம். இது ஒரு அருமையான வகுப்பு.

பையில் இருக்க வேண்டியவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: விசில். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் பல நாடுகளில் அது உதவிக் குரல். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை போய்விடும்.

எங்கிருந்து தொடங்குவது?

காட்டிலிருந்து இல்லை. உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பெரிய பூங்கா, பழைய காலேஜ் வளாகம், ஏரிக்கரை போதும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தப் பகுதியை அச்செடுங்க. நண்பர் ஒருவர் மேப்பில் எட்டு இடங்களைக் குறிக்கட்டும். பெஞ்ச், மரம், மூலைச்சுவர், எதுவும் சரி. போனை அவரிடமே கொடுத்துவிட்டுக் கிளம்புங்க. பெங்களூருவில் நாங்கள் கப்பன் பார்க்கில் தொடங்கினோம். அவ்வளவு பழகிய இடத்தில், பட்டப்பகலில், முதல் நாள் மூன்றாவது பெஞ்சைக் கண்டுபிடிக்க எனக்கு 25 நிமிடம் ஆனது. பிறகு அதையே இரவில், அனுமதி உள்ள இடத்தில். அப்புறம் ஆறு மணி நேரப் போட்டி.

எங்கள் அணி இந்த வருஷமும் போகிறது. மேப் இப்போது சின்னவன் கையில். நான் நேரம் பார்க்கிறேன்.